நடுவுல தமிழ்நாடு இருக்கு மேடம்!

ஐம்பத்து மூன்று வருஷமாகக் காரைக்காலிலேயே குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன் நான். ஆனால் பாண்டிச்சேரி எங்கே இருக்கிறது என்பது எனக்குப் போன தை மாதம்தான் தெரிந்தது. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. அந்த அறியாமையால் என் அக்கா வீட்டுக்காரரின் உயிர் போகப் பார்த்தது என்பதால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன். காரைக்கால் புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் புதுச்சேரியோடு ஒட்டிக்கொண்டு இல்லை. எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மீதிப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. தலைநகரமான பாண்டிக்குப் போவதென்றால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பாதி தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். ரோடு நன்றாக இருந்தால் மூன்றரை மணி நேரம். ரோடு நன்றாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நான் இங்கே ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். எங்கள் ஆபீசில் ஃபேன் ஓடவில்லை என்றால் ஃபைல் பாண்டிக்குப் போகும். அனுமதி வருவதற்குள் கோடை முடிந்து மழை பிடித்துவிடும். 'எதுக்கெடுத்தாலும் பாண்டிக்கு ஓடணுமாய்யா? அவசரத்துக்கு உதவுமா அது?' என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து டீக்கடையில் முழங்கி வருகிறேன். கேட்டவர்கள் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், நான் நிறுத்தவில்லை. அப்பேர்ப்பட்டவன் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

என் அக்காவும் அத்தானும் பிரான்சில் இருக்கிறார்கள். கல்யாணமான கையோடு போனவர்கள், அந்த நாட்டுக் குடியுரிமைக்காரர்கள். அத்தான் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரொம்பப் பேசமாட்டார். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் 'சவா' என்பார். பிரெஞ்சில் நல்லா இருக்கேன் என்று அர்த்தம். ஜுரத்தில் கிடந்தாலும் சவாதான்.

பொங்கலுக்கு வந்து ஒன்றரை மாதம் எங்கள் தலத்தெரு வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அவர்களுடைய மகன், என் மருமகன், பாரிசிலிருந்து போன் செய்தான். இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, அங்கே இருக்கிற காப்பீடு இந்தியாவில் செல்லாது, அதனால் பயண மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்றான். மூன்று பாலிசிகளின் விவரத்தை வாட்ஸப்பில் அனுப்பிவைத்தான். ஒவ்வொன்றும் எங்கள் ஆபீஸ் விதிமுறைப் புத்தகத்துக்குக் கூடப் பிறந்தது மாதிரி இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். 'நானும் கொஞ்சம் விசாரிக்கிறேன்டா' என்று ஒரு வெப்சைட்டில் என் போன் நம்பரைப் போட்டுவைத்தேன். அன்றையிலிருந்து இந்தியாவிலுள்ள அத்தனை காப்பீட்டு ஏஜெண்டுகளுக்கும் நான் நெருங்கிய சொந்தமாகிவிட்டேன். குளிக்கும்போது போன், சாப்பிடும்போது போன். ஒரு துக்க வீட்டில் பாடையைத் தூக்கும் நேரத்தில் ஒருத்தன் கூப்பிட்டு, "சார், லைஃப் கவரும் சேத்து எடுத்துக்கறீங்களா?" என்றான்.

மருமகன் விவரமானவன். "மாமா, படிக்க வேண்டியதெல்லாம் நான் படிச்சிட்டேன். மூணுமே சரியாத்தான் இருக்கு. எதுல உங்க வீட்டுக்குப் பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது உங்களுக்குத்தான் தெரியும்" என்றான்.

அவன் என்னைக் கேட்டது அந்த ஒரே ஒரு கேள்விதான்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் சில ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் உண்டு. அங்கே போய்ப் படுத்தால் நாம் கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம், கம்பெனியே நேராகக் கட்டிவிடும். அந்த ஆஸ்பத்திரிகளின் பெயரைப் பார்க்க, முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடு என்று கேட்டது. காரைக்கால்காரன் விரல் தானாக எங்கே போகும்? காஸ் புக்கிங்கிலிருந்து மகள் காலேஜ் விண்ணப்பம் வரை எங்கே போனதோ அங்கேதான் போனது. புதுச்சேரியைத் தொட்டேன். முதல் பாலிசியில் ஆஸ்பத்திரி கொஞ்சம்தான் வந்தது. இரண்டாவதில் அதைவிடக் கம்மி. மூன்றாவதைத் தொட்டதும் திருவிழாக் கூட்டம் மாதிரி இறங்கிக்கொண்டே போனது. அடடா, நம்ம மாநிலத்தில் இத்தனை ஆஸ்பத்திரியா என்று நெஞ்சு நிமிர்ந்தது. தமிழ்நாடு என்று இன்னொரு வரி அதே திரையில்தான் இருந்தது. அதை ஏன் தொடவேண்டும்? நாம் என்ன தமிழ்நாடா?

"கண்ண மூடிக்கிட்டு மூணாவத எடு" என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். அதோடு விட்டேனா? ஆபீசில் இரண்டு பேருக்குக் காப்பீடு எடுப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தேன். அக்கா வந்து இறங்கியதும் அவளிடமும் ஒரு தடவை விளக்கினேன். "எல்லாம் தம்பி பாத்துக்குவான்" என்று அத்தானிடம் பெருமையாகச் சொன்னாள். அத்தான் சவா என்றார்.

அவர்கள் வந்து இரண்டு வாரம் போயிருக்கும். முந்தின நாள் நான் திருமலைராயன்பட்டினம் போய் நல்ல நண்டாகப் பார்த்து வாங்கி வந்து விருந்து வைத்தேன். காலையில் அத்தான் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்டு சேரவில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி ஓமத் தண்ணி கொடுத்தேன். குடித்த வேகத்தில் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் வலி வலது பக்கம் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. நிமிர முடியாமல் கட்டிலில் சுருண்டு படுத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. என் பிள்ளைகள் இரண்டும் பிறந்தது அங்கேதான்.

"இரு, அது கவர் ஆகுமான்னு பாக்கணும்ல" என்று காப்பீட்டுக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். தமிழுக்கு இதை அமுக்கு, அதற்கு அதை அமுக்கு என்று எல்லாவற்றையும் அமுக்கிய பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார். பேஷண்ட் இப்ப எங்க இருக்காங்க?"

"காரைக்கால்ம்மா. புதுச்சேரி மாநிலம்."

"புதுச்சேரியில நம்ம நெட்வொர்க் ஆஸ்பத்திரி நெறைய இருக்கு சார். உங்களுக்குப் பக்கத்துலயே..."

"பக்கத்துல இல்லம்மா. நடுவுல தமிழ்நாடு இருக்கு."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம். பிறகு, "சார், நீங்க தமிழ்நாட்டுல இருக்கீங்களா?" என்றாள்.

"இல்லங்கிறேனே. புதுச்சேரியில இருக்கேன்."

"அப்ப புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு..."

"மேடம், இங்கேருந்து அது மூணரை மணி நேரம்!"

"புதுச்சேரியிலேருந்து புதுச்சேரிக்கு மூணரை மணி நேரமா சார்?"

இந்த இடத்தில்தான் எனக்குள் இருபத்தைந்து வருஷமாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது. இவளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று ஆரம்பித்தேன். "மேடம், மொதல்ல ஒரு மேப்ப எடுத்து வச்சிக்குங்க. புதுச்சேரிங்கறது ஒரே எடத்துல இல்ல. நாங்க ஒரு பக்கம். ஏனாம் ஆந்திராவுக்குள்ள. மாஹே கேரளாவுக்குள்ள..."

"சார், பேஷண்ட் இப்ப கேரளாவிலயா இருக்காரு?"

"அய்யோ!"

"சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க. அவசரம்னா நீங்க..."

"அவசரம்னுதானம்மா கூப்புடறேன்!"

என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "அங்க மனுஷன் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சுருண்டு கெடக்குறாரு. நீங்க போன்ல பூகோளப் பாடம் நடத்துறீங்க" என்றாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்தப் பெண் மறுபடியும் "சார், ஒரே ஒரு நிமிஷம்" என்றாள். "உங்களுக்குப் புரியவைக்கிற நேரத்துல நான் பாண்டிக்கே போயிடுவேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. மருமகன் அனுப்பிய மூன்று பாலிசிகளையும் திறந்து, அன்றைக்குத் தொடாத தமிழ்நாட்டைத் தொட்டுப் பார்த்தேன். முதல் பாலிசியில் நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும் பளிச்சென்று உட்கார்ந்திருந்தன. இரண்டும் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கல்யாணத்துக்கு மொய் வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற ஊர்கள். நான் எடுக்கச் சொன்ன மூன்றாவதில் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாம் பாண்டி.

மருமகனிடம் என்ன சொல்வது? அக்காவிடம்? ஆபீசில் நான் வகுப்பெடுத்த அந்த இரண்டு பேரிடம்? உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அத்தானின் வயிற்றைவிட என் மானம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒப்பந்தமில்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பாலிசியே செல்லாமல் போய்விடும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

"பாண்டிக்கே போயிடலாம் அத்தான். பெரிய ஆஸ்பத்திரி. எல்லாம் கவர் ஆயிடும்."

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்கயே காட்டலாமே மச்சான்" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது அத்தான், சும்மா இருங்க" என்று கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் காரில் ஏற்றினேன். அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். என் மனைவி காரின் கதவைச் சாத்திய சத்தத்தில் அவள் அபிப்பிராயம் தெரிந்தது.

கோட்டுச்சேரி வந்ததும் வண்டியை பெட்ரோல் பங்குக்குள் விட்டேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு விலை, அதனால் காரைக்கால்காரன் எவனும் டேங்கை நிரப்பாமல் வடக்கே போகமாட்டான். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகத் திருப்பிவிடும். எனக்கு முன்னால் ஏழெட்டு வண்டி நின்றது.

"என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

"அந்தப் பக்கம் போட்டா வெல ஜாஸ்திக்கா..."

"டேய், இவரு உடம்பு அனலாக் கொதிக்குதுடா!"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அத்தானின் முகம் வெளுத்திருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. வரிசையிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தேன். முன்னாலிருந்தவன் என்னவோ திட்டினான், நியாயமான திட்டுதான்.

தரங்கம்பாடி தாண்டும்வரை நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "எப்படி இருக்கு அத்தான்?" "சவா." ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும். "அத்தான்?" "சவா." குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

திருக்கடையூரில் மாட்டிக்கொண்டோம். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் உலகமே வரும் ஊர். அன்றைக்கு முகூர்த்தம் வேறு. மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள் வேன் வேனாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ஒரு வேன், நடுவில் நான் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தேன். எமனையே எட்டி உதைத்த சாமியின் வாசலில், என் அத்தானை நானே எமனிடம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

"அத்தான், எப்படி இருக்கு?"

பதில் வரவில்லை.

"அத்தான்!"

அக்கா அவர் கன்னத்தைத் தட்டினாள். கண்ணைத் திறந்து மூடினார். அவ்வளவுதான். ஜுரத்திலும் சவா சொல்கிற மனிதர் வாயே திறக்கவில்லை. அக்கா சத்தம் போட்டு அழவில்லை. வெளியே மாலையோடு போகிற கிழவன் கிழவிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பின்சீட்டில் கிடந்த என் போன் அடித்தது, அக்கா எடுத்தாள். அந்த உதவி எண் பெண்தான். நான் பாதியில் வைத்துவிட்டதால் அவளே திருப்பிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"குடுக்கா, நான் பேசறேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல" என்றேன்.

"நீ ரோட்டப் பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா... அவரு சம்சாரம்தான் பேசறேன்... ஆமாம்மா... அப்படியா... சரிம்மா." இவ்வளவுதான் அவள் பேசியது. மீதி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டு, "வண்டியத் திருப்பு" என்றாள்.

"ஏங்க்கா?"

"அவசரம்னா எந்த ஆஸ்பத்திரியில வேணும்னாலும் சேக்கலாமாம். சேத்துட்டுச் சொன்னா போதுமாம். இப்பக் கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கலாமாம். காலையிலேருந்து இதத்தான் சொல்ல வந்துச்சாம். நீ வாயத் தொறக்க விடலியாம்."

"சீர்காழி கிட்டக்கதான்..." என்று இழுத்தேன்.

"திருப்புடா!"

எண்பதாம் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே வண்டியை எப்படித் திருப்பினேன் என்று எனக்குத் தெரியாது. மாலை போட்ட ஒரு பெரியவர் கைத்தடியை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தி வழி விட்டார். திரும்பி வரும்போது கோட்டுச்சேரி பங்கில் யாருமே இல்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினேன். அக்கா எங்கள் வீட்டுக்குப் போன் செய்திருந்தாள். என் மனைவி எங்களுக்கு முன்னால் போய் அந்தக் கூப்பிடு தூர ஆஸ்பத்திரியின் வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றாள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். குடல்வால் வீங்கி உடைய ஆரம்பித்திருக்கிறது, உடனே திறக்க வேண்டும் என்றார். "காலையிலேயே வந்திருந்தா சின்ன விஷயம். இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

"திருக்கடையூர்ல டாக்டர்."

"சாமி கும்பிடவா?"

"இல்ல டாக்டர். பாண்டிக்குப் போற வழியில."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "முடியாத கேஸ நாங்கதான் பாண்டிக்கு அனுப்புவோம். நீங்களே அனுப்பிக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் வெளியே வருகிறவரை நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிறவன் என்று சொந்தத்தில் எனக்குப் பெயர். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் அக்கா அறைந்திருப்பாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே இருக்கிற மனிதர் பிழைக்காவிட்டால் இந்த முகம் இனிமேல் என் பக்கம் திரும்பாது என்று தெரிந்தது. என் மனைவி மட்டும் ஒரு தடவை என் தோளைத் தொட்டாள். அதற்குத் திட்டியிருந்தால் தேவலை.

அத்தான் பிழைத்தார். லேசாகக் கசிந்து உள்ளே சீழ் பிடித்திருந்ததால் மூன்று நாளில் வீட்டுக்கு வரவேண்டியவர், வயிற்றில் குழாயோடு இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தார். விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார்கள். அந்த உதவி எண் பெண் தினமும் கூப்பிட்டு அக்காவிடம் விசாரித்தாள். நான் எடுத்தால், "சார், மேடம் இருக்காங்களா?" என்பாள். ஆஸ்பத்திரிக்குக் கட்டியதைக் கம்பெனி பிறகு கொடுத்தும்விட்டது.

மருமகனிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "பரவால்ல மாமா" என்றான். அந்தப் பரவாயில்லையைக் கேட்டதும் போனோடு கடலில் இறங்கிவிடலாம் போலிருந்தது.

இன்னும் யோசிக்கிறேன். பாண்டி தூரம் என்று நான் கத்தியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. காரைக்கால்காரன் எவனைக் கேட்டாலும் என் பக்கம்தான் பேசுவான். ஆனால் அந்த நியாயத்தை ஜெயிக்கவைக்கிற மும்முரத்தில், எனக்கு வேண்டிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவளை நான் பேசவே விடவில்லை. இப்போதெல்லாம் யாராவது 'ஒரு நிமிஷம் கேளுங்க' என்றால், அவர் சொல்வது தப்பாகவே இருந்தாலும், வாயை மூடிக்கொண்டு கேட்டுவிடுகிறேன்.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் வந்தது, அவர் எழுந்து உட்கார்ந்து முதல் கஞ்சி குடித்த அன்றைக்குத்தான். பக்கத்தில் போய் நின்று, "தப்பான பாலிசிய எடுக்கச் சொல்லிட்டேன் அத்தான். அடுத்த தடவ நல்லாப் பாத்து எடுத்துடறேன்" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாலிசியில ஒண்ணும் கொறையில்ல மச்சான். ஆளத்தான் தப்பா எடுத்துட்டோம்."